எல்லாரும் ஒரே கட்சி, யாருக்கு வாக்கு? அமெரிக்க மாநில பிரைமரியில் வேட்பாளரின் நிலைப்பாட்டைப் படிப்பது எப்படி

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டெக்சஸ் மாநிலத்தின் சிற்றூர்களில் தபால் பெட்டியைத் திறந்தால் தேர்தல் துண்டறிக்கைகள் வந்து குவிந்திருக்கும். உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மெக்சிகோ எல்லையைக் காக்கத் தவறியவர் என்று அவற்றில் பல சொல்லின. அந்த உறுப்பினர்களோ எல்லைப் பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கிய மசோதாக்களுக்குக் கை தூக்கியவர்கள். அவர்களைத் தோற்கடிக்க நினைத்தவர்களின் கோபம் எல்லையைப் பற்றியதே அல்ல. சில மாதங்களுக்கு முன், அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து அவர்கள் வாக்களித்திருந்தார்கள். கோபம் அதற்காக.

தாக்கியவர்களும் குடியரசுக் கட்சி, தாக்கப்பட்டவர்களும் குடியரசுக் கட்சி. நடந்தது கட்சிக்குள் நடக்கும் தேர்தல். இதைத்தான் பிரைமரி என்கிறார்கள். இந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளரின் ‘கொள்கை நிலைப்பாடு’ என்றால் என்ன, அது எங்கே ஒளிந்திருக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முதல் முறையாகக் கேட்பவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். டெக்சஸ் கதையை விட்டு விட்டுத் தொடர்வேன். இதை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரைமரி என்பது யார் வேட்பாளர் என்பதை முடிவு செய்யும் தேர்தல். நவம்பர் மாதத்தில் நடக்கும் பொதுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் சார்பில் ஒருவர், ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஒருவர் நிற்பார்கள். அந்த ஒருவர் யார்? நமக்குப் பழக்கமான முறையில் விருப்ப மனு கொடுத்து, நேர்காணலுக்குப் போய், தலைமை வெளியிடும் பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பட்டியலை வாக்காளர்களே எழுதுகிறார்கள். அரசு நடத்தும் வாக்குச்சாவடிக்குப் போய், ஒரே கட்சியைச் சேர்ந்த இரண்டு, மூன்று, சில இடங்களில் எட்டுப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சித் தலைமைக்குப் பிடிக்காதவர் வென்றாலும் அவர்தான் வேட்பாளர்.

ஆரம்பத்தில் அங்கேயும் கட்சிப் பெரியவர்கள் மூடிய அறைக்குள் கூடித்தான் வேட்பாளரை முடிவு செய்தார்கள். ரயில் நிறுவனங்களும் மரத் தொழில் முதலாளிகளும் அந்த அறைக்குள் செல்வாக்குச் செலுத்துகிறார்கள் என்று விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் ஊர் ஊராகப் பேசினார். 1904இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து நேரடி பிரைமரி முறையை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அது மற்ற மாநிலங்களுக்குப் பரவியது.

யார் வாக்களிக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் கட்சியின் பெயரில் முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. 2016இல் டொனால்ட் டிரம்பின் மகளும் மகனும் பதிவை மாற்றுவதற்கான கெடுவைத் தவறவிட்டதால், நியூயார்க் பிரைமரியில் சொந்தத் தந்தைக்கே வாக்களிக்க முடியாமல் போனது. டெக்சஸில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. அன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று சாவடியில் சொன்னால் போதும். கலிபோர்னியாவில் எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் இருப்பார்கள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. நெப்ராஸ்காவின் சட்டமன்றத் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. விவரங்கள் இன்னும் நிறைய உண்டு. இப்போதைக்கு இது போதும்.

கொறடா செய்யாததை பிரைமரி செய்கிறது

வேட்பாளர் தனக்கென்று ஒரு நிலைப்பாடு வைத்துக்கொள்வதற்கு என்ன மதிப்பு? கட்சி சொல்வதைத்தானே சட்டமன்றத்தில் செய்யப்போகிறார்?

இந்தச் சந்தேகம் நமக்கு வருவது இயல்பு. இந்தியாவில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போகலாம். அதனால் வேட்பாளரின் சொந்தக் கருத்தைத் தேடிப் படிக்க நமக்கு அவசியம் வந்ததில்லை. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் தன் கட்சி ஆளுநரின் முக்கிய மசோதாவை எதிர்த்து வாக்களித்துவிட்டு மறுநாள் அதே இருக்கையில் வந்து உட்காரலாம். கட்சி அவர் பதவியைப் பறிக்க முடியாது, அடுத்த பிரைமரி வரும் வரை.

ஆகவே ஒவ்வொரு உறுப்பினரின் ஒவ்வொரு நிலைப்பாட்டுக்கும் எடை உண்டு. கட்சிக்குக் கட்டுப்படாத உறுப்பினரைத் தண்டிக்கக் கட்சிக்காரர்களுக்கு இருக்கும் முக்கிய வழியும் இந்த உட்கட்சிப் போட்டிதான். நவம்பரில் வாக்குச்சீட்டில் உள்ள கட்சிப் பெயரே பாதி சேதியைச் சொல்லிவிடும். பிரைமரியில் எல்லார் பெயருக்கும் கட்சி ஒன்றுதான். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. மிஞ்சுவது வேட்பாளரும் அவருடைய நிலைப்பாடும்.

பல தொகுதிகளில் பிரைமரிதான் உண்மையான தேர்தல் என்பதையும் சொல்ல வேண்டும். தொகுதி எல்லைகள் வரையப்படும் விதத்தாலும், ஒரே மாதிரி வாக்களிப்பவர்கள் ஒரே பகுதியில் வாழ்வதாலும், ஏராளமான தொகுதிகள் ஒரு கட்சியின் கோட்டையாக இருக்கின்றன. அங்கே நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. டெக்சஸ் வரலாற்றிலேயே இதற்குக் கசப்பான சாட்சி இருக்கிறது. ஜனநாயகக் கட்சி மட்டுமே ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில், 1923இல், கறுப்பினத்தவர் அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியதும், அதே தடையைக் கட்சி விதியாக மாற்றிக்கொண்டார்கள். நவம்பரில் வாக்களிக்கத் தடை இல்லை, ஆனால் அப்போது முடிவு செய்ய எதுவும் மிச்சம் இருக்காது. ஹூஸ்டன் நகரின் பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்த வழக்கில் கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வாதாடினார். 1944 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தடையை உடைத்தது. வாக்குரிமையைப் பறிக்க நினைத்தவர்கள் பறித்தது நவம்பரை அல்ல, பிரைமரியை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருப்பது

வாஷிங்டன் நாடாளுமன்றத்தைப் பற்றித்தான் உலகம் பேசும். அமெரிக்கர் ஒருவரின் அன்றாட வாழ்க்கையைத் தொடும் சட்டங்களில் பெரும்பகுதி மாநிலத் தலைநகரத்தில் உருவாகிறது. பள்ளிக்கு எவ்வளவு பணம், வாடகை எவ்வளவு உயரலாம், துப்பாக்கி வாங்க எத்தனை வயது, வாக்குச்சாவடி எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைக்கு இருந்த அரசியல் சாசனப் பாதுகாப்பை நீக்கிய பிறகு அதுவும் மாநிலங்களின் கைக்கு வந்தது. நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையைக்கூடப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே வரைகிறது.

ஐம்பது மாநிலங்களிலும் சேர்த்து 7,386 மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் நிலைமைக்கும் இன்னொருவரின் நிலைமைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நியூ ஹாம்ப்ஷயர் என்ற சின்ன மாநிலத்தின் கீழவையில் 400 பேர். ஆளுக்கு ஆண்டுச் சம்பளம் 100 டாலர். கலிபோர்னியாவின் கீழவையில் 80 பேர். ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஐந்து லட்சம் மக்களின் பிரதிநிதி. டெக்சஸ் இடையில் எங்கோ நிற்கிறது. அதன் கீழவையான பிரதிநிதிகள் அவையில் 150 உறுப்பினர்கள், ஒவ்வொரு தொகுதியிலும் சுமார் 1.94 லட்சம் மக்கள். அவை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 140 நாட்கள் கூடும். ஆண்டுச் சம்பளம் 7,200 டாலர், அவை கூடும் நாட்களுக்குப் படி தனி. அதனால் உறுப்பினர்கள் வக்கீலாகவோ கால்நடை மருத்துவராகவோ பண்ணைக்காரராகவோ வேறு பிழைப்பும் வைத்திருப்பார்கள்.

பள்ளிக்கூடமும் 21 பேரும்

இனி டெக்சஸ். ஆளுநர் கிரெக் அபட் 2023இல் ஒரு திட்டத்தில் குறியாக இருந்தார். தனியார் பள்ளியில் படிக்க விரும்பும் குழந்தையின் பெயரில் அரசு ஒரு கணக்கில் பணம் போடும். பெற்றோர் அதிலிருந்து கட்டணம் கட்டலாம். எதிர்ப்பவர்கள் இதை ‘வவுச்சர்’ என்றார்கள். ஆதரிப்பவர்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்து, ‘பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை’, ‘கல்விச் சேமிப்புக் கணக்கு’ என்றார்கள். ஒருவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதிலேயே அவர் நிலைப்பாட்டில் பாதி தெரிந்துவிடும்.

ஜனநாயகக் கட்சியினர் எதிர்த்தார்கள் என்பதில் வியப்பில்லை. ஊரகத் தொகுதிகளைச் சேர்ந்த குடியரசுக் கட்சியினரும் எதிர்த்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்த இரு தரப்பும் சேர்ந்து வவுச்சர் மசோதாக்களைப் பல ஆண்டுகளாகத் தடுத்துவந்தன. காரணம் சித்தாந்தம் அல்ல, ஊரின் நிலவரம். டெக்சஸின் 254 மாவட்டங்களில் பலவற்றில் தனியார் பள்ளியே கிடையாது. சிற்றூரில் பள்ளி நிர்வாகம்தான் பெரிய முதலாளி. ஆசிரியர், சமையல்காரர், பேருந்து ஓட்டுநர் என்று பாதி ஊருக்கு அங்கேதான் சம்பளம். வெள்ளிக்கிழமை இரவு மொத்த ஊரும் கூடுவது பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில். டெக்சஸில் பள்ளிக்குப் பணம் வருவது மாணவர் வருகைக் கணக்கை வைத்து. நான்கு பிள்ளைகள் விலகினால் அவர்களுக்குரிய பணமும் விலகும். கூரையும் பேருந்தும் மின் கட்டணமும் அப்படியே இருக்கும்.

ஆளுநர் சிறப்புக் கூட்டத்தொடர்களைக் கூட்டினார். ஆசிரியர் சம்பள உயர்வையும் பள்ளிகளுக்கான பல நூறு கோடி டாலரையும் வவுச்சரோடு சேர்த்து ஒரே மசோதாவாகக் கட்டினார்கள். இது வேண்டுமென்றால் அதையும் விழுங்கு என்ற கணக்கு. 2023 நவம்பர் 17 அன்று ஜான் ரேனி என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், வவுச்சர் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 84க்கு 63 என்ற கணக்கில் திருத்தம் வென்றது. ஆளுநரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த 21 பேர் அவருக்கு எதிராக வாக்களித்திருந்தார்கள்.

அந்த 21 பேரில் ஐந்து பேர் மறுபடியும் போட்டியிடவில்லை. மீதி 16 பேர் 2024 மார்ச் 5 பிரைமரியை எதிர்கொண்டார்கள். ஆளுநர் அவர்களில் பலருக்கு எதிராக நின்ற புதியவர்களுக்கு ஆதரவு அறிவித்து, தொகுதி தொகுதியாகப் பயணம் செய்தார். பென்சில்வேனியாவில் வாழும் ஜெஃப் யாஸ் என்ற பெரும்பணக்காரர் ஆளுநரின் தேர்தல் நிதிக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தார். டெக்சஸ் மாநிலப் பதவிகளுக்கான தேர்தலில் தனிநபர் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. நீதிபதிகள் தேர்தல் மட்டும் விதிவிலக்கு. அதே பருவத்தில் நாடாளுமன்ற வேட்பாளருக்குத் தனிநபர் தரக்கூடியது ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான்.

இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன துண்டறிக்கைகள் வருகின்றன. வவுச்சர் தனியாக நின்றால் ஊரக வாக்காளர் ஆதரிப்பார் என்ற நிச்சயம் இல்லை. எல்லைப் பாதுகாப்பு என்றால் அந்தக் கட்சியின் பிரைமரி வாக்காளர் ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார். எந்தக் காரணத்துக்காக ஒருவரை வீழ்த்த வேண்டுமோ அதைப் பேசாமல், எதைச் சொன்னால் வீழ்வாரோ அதைப் பேசுவது பிரைமரியின் பழைய வித்தை. சண்டை ஒரு விஷயத்தில், விளம்பரம் வேறு விஷயத்தில்.

குழப்பத்தைக் கூட்ட, தீர்க்கப்பட வேண்டிய இன்னொரு கணக்கும் இருந்தது. 2023 மே மாதம் அதே பிரதிநிதிகள் அவை, மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) கென் பாக்ஸ்டன் மீது 121க்கு 23 என்ற கணக்கில் பதவி நீக்கக் குற்றச்சாட்டைச் சுமத்தியது. ஆதரித்தவர்களில் 60 பேர் அவருடைய கட்சியினர். செப்டம்பரில் மாநில மேலவையான செனட் அவரை விடுவித்தது. அதிலிருந்து மீண்டவர், தனக்கு எதிராக வாக்களித்தவர்களின் பட்டியலோடு களத்தில் இறங்கினார். அவருக்கும் ஆளுநருக்கும் பட்டியல் ஒன்றல்ல. சில தொகுதிகளில் ஆளுநர் காப்பாற்ற நினைத்தவரை இவர் தோற்கடிக்கப் பார்த்தார். இரண்டு பட்டியலிலும் பெயர் இருந்தவரின் பாடு திண்டாட்டம். ஜஸ்டின் ஹாலண்ட் என்ற உறுப்பினர் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டிருந்தார். டெக்சஸின் யுவால்டி ஊரில் 2022இல் நடந்த பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, அரைத் தானியங்கி வகைத் துப்பாக்கி வாங்கும் வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தும் மசோதா குழுவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரித்த இரு குடியரசுக் கட்சியினரில் அவர் ஒருவர். மசோதா சட்டமாகவில்லை. அந்த வாக்கு மட்டும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

எங்கே தேடுவது

வேட்பாளரின் இணையதளத்தில் ‘என் நிலைப்பாடுகள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் படிப்பதில் தவறில்லை. அதோடு நிறுத்துவதுதான் தவறு. எங்கள் குழந்தைகளுக்குச் சிறந்த கல்வி, குறைந்த வரி, பாதுகாப்பான தெருக்கள் என்றிருக்கும். இதற்கு எதிரான நிலைப்பாடு உலகில் யாருக்கு உண்டு? மோசமான கல்வி வேண்டும் என்று எவரும் தேர்தலில் நிற்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் மானமுள்ள ஒரு மனிதர் நிற்க முடியாத வாக்கியத்தை நான் நிலைப்பாடு என்று ஏற்பதில்லை.

சொத்து வரியை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் தனிநபர் வருமான வரி இல்லை. பள்ளிகள் பெருமளவு சொத்து வரியில் ஓடுகின்றன. ‘சொத்து வரியைக் குறைப்பேன்’ என்பது விருப்பம். ‘வீட்டின் மதிப்பில் முதல் 40,000 டாலருக்குப் பள்ளி வரி இல்லை என்பதை 1,00,000 ஆக்குவேன்’ என்பது நிலைப்பாடு. 2023இல் டெக்சஸ் செய்தது அதைத்தான். ‘சொத்து வரியையே ஒழிப்பேன்’ என்று சொல்பவரும் உண்டு. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தப் பணம் வேறு எங்கிருந்து வரும்? விற்பனை வரியிலிருந்தா? எவ்வளவு உயரும்? பதில் இருந்தால் அது துணிச்சலான நிலைப்பாடு. இல்லாவிட்டால் சுவரொட்டி.

அடுத்து, அவர் கேட்கும் பதவிக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாநில வேட்பாளர் ஒருவர் வெளியுறவுக் கொள்கை பேசினால் பொழுதுபோக்காகக் கேட்டுக்கொள்ளலாம். எல்லை விவகாரம் இதில் கொஞ்சம் சிக்கலானது. குடியேற்றம் மத்திய அரசின் பொறுப்பு. ஆனாலும் டெக்சஸ் 2021 முதல் தன் சொந்தக் காவலர்களையும் தேசியக் காவல் படையையும் எல்லையில் நிறுத்தி 1,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அந்தப் பணத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்பது மாநில உறுப்பினரிடம் கேட்கத்தக்க கேள்விதான். ‘எல்லையில் பலவீனமானவர்’ என்பதற்கு அப்படி ஒரு பொருளும் கிடையாது.

ஏற்கெனவே பதவியில் இருப்பவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வாக்குப் பதிவேட்டை மிஞ்சிய சான்று இல்லை. எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பது சட்டமன்றத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். இறுதி வாக்கெடுப்பை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். ரேனியின் திருத்தத்தைப்போல, உயிர்நாடி பல நேரம் நடுவில் வரும் ஒரு திருத்தத்தில் இருக்கும். குழுவில் முடங்கிச் செத்த மசோதாவுக்கு இறுதி வாக்கெடுப்பே இருக்காது.

புதியவருக்குப் பதிவேடு இல்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வதிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்கள், வணிகச் சங்கங்கள், கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்புகள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாம் வேட்பாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பும். பதில்களை வைத்து ஆதரவு அறிவிக்கும், மதிப்பெண் போடும். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய துப்பாக்கிச் சங்கம் பள்ளிக்கூடத் தேர்ச்சி அட்டையைப்போல ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் கொடுக்கிறது. வரியை உயர்த்த மாட்டேன் என்று எழுத்தில் கையொப்பம் வாங்கும் உறுதிமொழி ஒன்று 1980களின் நடுப்பகுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மாநில வேட்பாளர்களும் அதில் கையொப்பமிடுகிறார்கள். அதிகம் பேசாத ஒரு வேட்பாளரை அவருடைய ஆதரவாளர் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். பணம் கொடுத்தவர் பட்டியலும் அப்படித்தான். டெக்சஸில் அது மாநில நெறிமுறை ஆணையத்தின் இணையதளத்தில் யாருக்கும் திறந்திருக்கிறது. ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ஊரகத் தொகுதி வேட்பாளருக்குப் பெருந்தொகை கொடுத்திருந்தால், அந்த நன்கொடையாளர் எதற்காகப் பெயர் பெற்றவர் என்று ஒரு முறை தேடிப் பார்ப்பது அந்த வேட்பாளரின் மூன்று பொதுக்கூட்டப் பேச்சுகளைக் கேட்பதற்குச் சமம்.

கட்சியே நிலைப்பாடு கேட்பதும் உண்டு. டெக்சஸ் பிரைமரி வாக்குச்சீட்டின் கடைசியில் சில கேள்விகள் அச்சாகியிருக்கும். சட்டப்படி அவற்றால் யாரையும் கட்டுப்படுத்த முடியாது. 2024இல் குடியரசுக் கட்சி, அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ பெற்றோர் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டுமா, பணம் மாணவரோடு போக வேண்டுமா என்ற பொருளில் கேட்டது. பெரும்பாலோர் ஆம் என்றார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் வரவில் எவ்வளவு குறையும் என்ற வரியைச் சேர்த்திருந்தால் எத்தனை பேர் ஆம் என்றிருப்பார்கள்? அந்த வரியை யாரும் சேர்க்கவில்லை.

சொல்லில் இல்லாத நிலைப்பாடு

நிலைப்பாட்டுப் பக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத வேட்பாளர்கள் தோற்ற கதை ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. அந்த மாநில செனட்டில் ஜெஃப் க்ளைன் தலைமையில் ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர்கள் சிலர் 2011இல் தனிக் குழுவாகப் பிரிந்தார்கள். பிறகு எட்டுப் பேர் வரை வளர்ந்தார்கள். வாடகைதாரர் பாதுகாப்பு, கருக்கலைப்பு உரிமை என எதைக் கேட்டாலும் கட்சியின் மற்றவர்கள் சொன்ன பதிலையே இவர்களும் சொன்னார்கள். ஒரே வித்தியாசம், அவையை நடத்துவதில் குடியரசுக் கட்சியோடு உடன்பாடு வைத்துக்கொண்டார்கள். எந்த மசோதா விவாதத்துக்கு வரும் என்பதை முடிவு செய்யும் சாவி அந்தப் பக்கம் போனது. நீங்கள் ஆதரிக்கும் மசோதா அவைக்கே வராமல் பார்த்துக்கொள்பவரை நாற்காலியில் அமர்த்திவிட்டு, ‘நான் அந்த மசோதாவை ஆதரிக்கிறேன்’ என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்?

இதைத் தொகுதி மக்களுக்குப் புரியவைக்க ஏழு ஆண்டுகள் ஆயின. அவை நடைமுறை என்பது கேட்டவுடன் கொட்டாவி வரவழைக்கும் விஷயம். எதிர்த்து நின்ற புதியவர்கள் அதை வாடகையோடு கட்டினார்கள்: உங்கள் வாடகை ஏறுவதற்கும் உங்கள் செனட்டர் யாரோடு உட்காருகிறார் என்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்றார்கள். 2018 செப்டம்பர் 13 பிரைமரியில் எட்டுப் பேரில் ஆறு பேர் தோற்றார்கள். க்ளைன் எதிராளியைவிடப் பல மடங்கு செலவழித்தும் அலெஸாண்ட்ரா பியாஜியிடம் தோற்றார். 2019 ஜனவரியில் கருக்கலைப்பு உரிமைச் சட்டமும் முன்கூட்டியே வாக்களிக்கும் வசதியும் நிறைவேறின. ஜூனில் வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆக, ஒரு வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி சில நேரம் எந்தக் கொள்கைப் பட்டியலிலும் இருக்காது: அவைத் தலைவராக யாருக்கு வாக்களிப்பீர்கள்?

யாரிடம் பேசுகிறார்கள்

வேட்பாளர் எந்த நிலைப்பாட்டை எடுக்கிறார் என்பது யார் வாக்களிக்க வருவார்கள் என்பதைப் பொறுத்தது. டெக்சஸில் 2024 மார்ச்சில் பதிவு செய்த வாக்காளர்கள் சுமார் 1.79 கோடிப் பேர். குடியரசுக் கட்சியின் பிரைமரிக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 23 லட்சம். யாரும் பாதிக்கு மேல் வாங்காத தொகுதிகளில் மே 28 அன்று நடந்த இரண்டாம் சுற்றுக்கு வந்தவர்கள் அதிலும் சொற்பம். ஆர்வம் முற்றியவர்கள் மட்டும் வரும் நாளில், நடுவில் நிற்கும் வேட்பாளருக்குக் கைதட்ட ஆள் இருக்காது. பிரைமரி முடிந்ததும் சிலருடைய இணையதளத்தில் சில வரிகள் சத்தமில்லாமல் மெலிவதும் மறைவதும் இதனால்தான். தொகுதி கோட்டையாக இருந்தால் அந்தச் சிரமமும் தேவையில்லை. மார்ச்சில் பேசியதையே நவம்பரிலும் பேசலாம்.

மார்ச் பிரைமரியில் அந்த 16 பேரில் ஆறு பேர் தோற்றார்கள். இரண்டாம் சுற்றில் ஹாலண்ட் உட்பட இன்னும் மூன்று பேர். பாக்ஸ்டன் விவகாரத்தில் சிக்கியவர்களையும் சேர்த்தால், அந்தப் பருவத்தில் பதவியிழந்த குடியரசுக் கட்சியின் நடப்பு உறுப்பினர்கள் 15 பேர். அவைத் தலைவர் டேட் ஃபீலனே தன் தொகுதியில் 400க்கும் குறைவான வாக்குகளில்தான் தப்பினார்.

தப்பிய ஏழு பேரின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வவுச்சரை எதிர்த்தும் ஊர் மக்கள் தங்களை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர்கள் நெஞ்சை நிமிர்த்தியிருக்கலாம். அவர்கள் தொகுதியில் பள்ளியும் அப்படியே இருந்தது, வருகைக் கணக்கும் அப்படியே இருந்தது. 2025 ஏப்ரல் 17 விடியும் முன் பிரதிநிதிகள் அவையில் வவுச்சர் மசோதா மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தது. முந்தைய நாள் காலை டிரம்ப் தொலைபேசியில் கட்சி உறுப்பினர்களோடு பேசியிருந்தார். மசோதா 85க்கு 63 என்ற கணக்கில் முன்னேறியது. மே 3 அன்று ஆளுநர் கையொப்பமிட்டார். முதல் கட்டத்துக்கு 100 கோடி டாலர்.

அந்த ஏழு பேரில் ஆறு பேர் இம்முறை ஆதரித்து வாக்களித்தார்கள். குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்தவர்கள் இருவர் மட்டும்: ஃபீலனும், வடகிழக்கு டெக்சஸைச் சேர்ந்த கேரி வான்டீவரும். வான்டீவர் அரசியலுக்கு வருமுன் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்தவர்.